ஹொப்சன் பரம்பரை

மகேந்திரராஜா தாளை இரண்டு விரலால் தூக்கி மேசையில் போட்டார். குசினிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

"சீ! பிணத்தில துணி உருவின கூட்டம். இவங்களுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?"

அது 1854ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றின் போட்டோகொப்பி. யாழ்ப்பாணத்தில், அவருடைய ஊரில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய கல்லூரியில் அச்சடித்தது. வாந்திபேதியில் செத்தவர்களின் வேட்டிகளை உருவிச் சந்தையில் விற்ற எட்வின் ஹொப்சன் என்ற மாணவனைத் துரத்தியதாக அதில் இருந்தது.

மகள் சந்திரகலா விரும்பியவன் அருமைநாதன் ஹொப்சன், மெல்பேணில் பல் வைத்தியன். எட்வின் ஹொப்சன் தன் பூட்டன் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான்.

அவனில் வேறு குறை அகப்படாமல்தான், பழைய பத்திரிகைகளை ஆராய்கிற சச்சிதானந்தனிடம் ஹொப்சன் பேர் வருகிற தாளெல்லாம் கேட்டிருந்தார் மகேந்திரராஜா. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட குப்பையைக் கிளறி மகளின் தலையில் கொட்டுகிற மனுசனை என்னவென்று சொல்வது!

"அங்கிள், பேரை வச்சு ஒண்டும் சொல்லேலாது," என்றான் தாள்களோடு வந்திருந்த சச்சிதானந்தன். "அந்தக் காலத்தில அமெரிக்காவில ஒருத்தர் இங்க ஒரு பெடியனைப் படிப்பிக்கச் செலவு குடுப்பார். அவற்ற பேரைத்தான் அந்தப் பெடியனுக்கு வைப்பினம்."

"சோத்துக்குப் பேரை வித்தவங்கள் எண்டு சொல்லும். எங்கட பூட்டன் கல்வளவு இராமுப்பிள்ளையும் அங்கதான் படிச்சவர். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறமாட்டன் எண்டு பாதியில விட்டிட்டு வந்தவர். அது பரம்பரை!" சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைக் காட்டினார்.

சந்திரகலாவுக்கு அழுகை வரவில்லை. "இதைப் பிடிச்சுக்கொண்டு சந்தோசப்படுறியளே அப்பா, உங்களைப் பார்க்கவே அருவருப்பாக் கிடக்கு."

"இன்னொரு தாளும் இருக்கு, அங்கிள்."

"நான் தொடமாட்டன். இவளே வாசிக்கட்டும், உரத்து."

அவள் வாசித்தாள். "'துரத்தப்பட்டவனுக்குக் கொடுத்திருந்த எட்வின் ஹொப்சன் என்னும் பேர், உபகாரியின் செலவு வீண்போகாதபடி, இம்மாதம் நற்குணமுள்ள வேறொரு பிள்ளைக்கு வைக்கப்பட்டது.'"

"அருமைநாதன்ர பூட்டன் இந்த ரெண்டாவது பிள்ளைதான்," என்றான் சச்சிதானந்தன்.

மகேந்திரராஜாவின் முகம் சுண்டிப்போனது. "அப்ப அந்தப் பிணத்துணிக் கள்ளன் ஆர்? அவனுக்கு வீட்டில வச்ச பேர் போட்டிருக்கோ?"

"ஓம்." சந்திரகலா கடைசி வரியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"கல்வளவு இராமுப்பிள்ளை, அப்பா."