முதுகுக்குள் இருவர்

லூர்துமேரியின் முதுகெலும்பில், முன்பு அறுவை சிகிச்சையில் வைத்த ஓர் உலோகத் திருகாணியும், இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டும் சேர்ந்து பாரம் தாங்கின.

ஒருநாள் அவளுடைய இடது கால் மரத்துப்போனது. காரணம் தெரிந்தால்தான் சிகிச்சை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள்.

"நல்லா எடு. நான் எப்பவும் படத்துல பெருசா விழுவேன்," என்றது திருகாணி.

"பெருசாத்தான் விழறே. நீ உலோகமாச்சே, உன்னைச் சுத்தி ஒரே கறுப்பு, நரம்பே தெரியல. கொஞ்சம் தள்ளிக்கயேன்," என்றது இயந்திரம்.

"நான் தள்ளிக்கிட்டா இவ முதுகு என்ன ஆகும்?"

அதுவும் நியாயம்தான். இயந்திரம் தயங்கியது.

"என் பக்கமா பாருங்க," என்றது பிளாஸ்டிக் துண்டு.

அங்கே கறுப்பு படரவில்லை. நசுங்கிய நரம்பு தெரிந்தது.

மருத்துவர் படத்தைக் காட்டினார். "இந்த இடம்தாம்மா. சரி பண்ணிடலாம், நல்லா நடப்பீங்க." லூர்துமேரி அழுதுவிட்டாள்.

திருகாணி படத்தில் தன் கறுப்பைப் பார்த்தது. பிறகு கூட்டாளியைத் தேடியது.

"நீ எங்கடா இருக்கே?"

"அந்த நரம்புக்குப் பக்கத்துலதாண்ணே."

திருகாணி மறுபடியும் பார்த்தது. அவ்வளவு பாரம் சுமப்பவன் நின்ற இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. அதை ஒட்டி, லூர்துமேரியின் நரம்பு பளிச்சென்று தெரிந்தது.