முதல் துளி

குழந்தை பிறந்து இன்று ஏழாம் நாள். பெயரைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வதாரு, கடந்து போகிறவன் என்று பொருள். கடலோடு போன, ஷோஹெயின் அண்ணனின் பெயர். அதை இரண்டு பட எழுத்துகளில் எழுதலாம். அண்ணனுடையதைப் போல் தண்ணீர்க் குறி சேர்த்து எழுதினால் முதலில் மூன்று துளிகள் வரும். அது இல்லாமல் எழுதினால் முதலில் ஒரு நீண்ட கோடு. ஷோஹெய் தூரிகையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்கிறான். "அண்ணன் பேரு மட்டும் வேணும், அவன் எழுத்து வேணாமா?" என்கிறாள் அம்மா. மனைவி சயோ பிள்ளையை இறுக்கிக்கொள்கிறாள். "தண்ணி வேணாங்க." விசேஷத்துக்கு ஆக்கிய சிவப்புச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. வெளியே அலை அடிக்கிறது. தூரிகை நுனியில் திரண்ட மை தாளின் இடது மூலையில் சொட்டி, மெல்லப் பரவுகிறது. மூன்று பேரும் அந்த ஒற்றைத் துளியையே பார்க்கிறார்கள். அம்மா எட்டித் தாளை உருவிக் கசக்குகிறாள். "வேற தாள் எடுடா. கோடே போடு."