நான்காவது தவறு

"நீல மை செல்லாது. கறுப்பு மையில எழுதிட்டு அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை வாங்க."

கண்ணாடிக்கு அடியில் படிவம் திரும்பி வந்தது. கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்தில் பெயர்த் திருத்த மனுக்களை வாங்கும் டார்லா ப்ரூயிட் முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"சரி கண்ணு" என்றாள் வெர்லீன். வயது எண்பத்தொன்று. மலை வீட்டில் பிறந்தவள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி பதிவேட்டில் பெயர் எழுதவில்லை. ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் இன்றுவரை 'பெண் குழந்தை'.

அவளுக்குப் பின்னால் நின்றவர் ஹோபர்ட் கெஸ்லிங். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷம் கோஷம் போட்டவர். நீதிமன்றப் புல்வெளியில் கூட்டம் நடத்த அனுமதி கேட்டு வந்திருந்தார்.

"எத்தனாவது தடவை அக்கா?"

"நாலாவது. முதல்ல கையெழுத்து கோட்டுக்கு வெளிய போயிடுச்சு. அப்புறம் சாட்சி முகவரி இல்ல. போன மாசம், தாளை மடிச்சிட்டேனாம்."

அவள் கையிலிருந்த கடிதத்தை ஹோபர்ட் வாங்கிப் படித்தார். 'பெயர் சரிசெய்யப்பட்டதும் உங்கள் வீட்டு உதவி குறித்து முடிவெடுக்கப்படும்.'

வாதம் வந்து படுத்துவிட்ட அவள் கணவனைக் குளிப்பாட்ட, வாரம் மூன்று நாள் கவுண்டியிலிருந்து ஆள் வருவது ஹோபர்ட்டுக்குத் தெரியும்.

"ஏம்மா, படுத்துக் கிடக்கிற மனுஷன் உன் மை காயுற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"விதி சார்" என்றாள் டார்லா.

"நாற்காலி கிடைச்சாப் போதும், கழுதைக்கும் விதி மனப்பாடம் ஆயிடும்!"

வரிசை சிரித்தது. வெர்லீன் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு தம்பி. நான் அடுத்த மாசம் வரேன்."

"இப்படி விட்டு விட்டுத்தான் நம்ம தலையில ஏறி உக்காந்திருக்காங்க. மேலதிகாரியைக் கூப்பிடு!"

"தம்பி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க பேசாதீங்க அக்கா. உங்களுக்காக நான் பேசறேன்."

மேலதிகாரி டன்லீவி வந்தார். வாயில் பாதி டோனட். படிவத்தைப் புரட்டினார்.

"நீல மை செல்லுமே! யார் சொன்னது செல்லாதுன்னு?"

டார்லா வெர்லீனைப் பார்த்தாள். வெர்லீன் தரையைப் பார்த்தாள்.

டன்லீவியே முத்திரை குத்தினார். பத்து நொடிகூட ஆகவில்லை. பெண் குழந்தைக்குப் பெயர் கிடைத்தது.

வரிசை கைதட்டியது. ஹோபர்ட் தொப்பியைத் தூக்கிக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

அனுமதிச் சீட்டோடு அவர் வெளியே வந்தபோது வெர்லீன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா அக்கா? கத்தினாத்தான் கிடைக்கும்."

"புது வருஷத்துல அறுபது வீட்டுக்கு உதவியாளை நிறுத்தினாங்க, தம்பி. சத்தமில்லாம. பட்டியல்ல நாங்களும் இருந்தோம். பேர் மனு முடியாம இருந்தா மட்டும் நிறுத்தக் கூடாதாம். அந்தப் பொண்ணுதான் அந்த விதியைத் தேடி எடுத்துச்சு."

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அவ கண்டுபிடிச்ச தப்புலதான் தம்பி, நாலு மாசமா என் வீட்டுக்காரர் குளிச்சாரு."