பத்தாவது மெஷின்

“பத்துப் பேர் வேணும். இருக்கிறது ஆறு. மீதி நாலு பேரை நான் என்ன பெத்தா தர முடியும்?”

பட்டறை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை. அரசாங்கத்தின் தொழில் வளர்ச்சித் திட்டத்தில் முதல் தவணை வாங்கி, பத்து மெஷின் போட்டாயிற்று. பத்துப் பேர் வேலை செய்வதை அதிகாரி கண்ணால் பார்த்தால்தான் இரண்டாம் தவணை. ஆர்டர் படுத்துவிட்டதில் நாலு மெஷின் துணி போர்த்திக்கொண்டு தூங்கின. அந்தத் தவணை வராவிட்டால் அடுத்த மாதம் பட்டறையை மூட வேண்டியதுதான். நிஜமாகவே வேலை செய்கிற ஆறு பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

“ஒரு மணி நேரத்துக்கு ஆள் பிடிச்சா போச்சு” என்றார் கட்டிங் மாஸ்டர்.

“செக் பண்ண வர்றது யாரு தெரியுமா? பூதக்கண்ணாடி!”

அந்த அதிகாரியம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. போகிற இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். போன வாரம் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒருவன் பாத்ரூம் போயிருந்தான். ‘ஆள் இல்லாத நாற்காலிக்கு நான் கையெழுத்துப் போடறதில்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

இருந்தாலும் வேறு வழி? முதலாளியின் மச்சினன் வந்தான். பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண் வந்தாள். மாஸ்டரின் கொழுந்தியாள் வந்தாள். நாலாவது ஆளை மாஸ்டர் பூங்காவிலிருந்து கூட்டிவந்தார்.

“யாருய்யா இவர்? பார்த்தா ஆபீசர் மாதிரி இருக்கார்!” என்று முதலாளி காதைக் கடித்தார்.

“பார்க் சார். காலைல ஒன்பது மணிக்கு டாண்ணு வந்து பெஞ்சுல உக்காருவார். சாயங்காலம் அஞ்சரைக்கு எழுந்து போவார். வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்களாம். வீட்டுல இன்னும் சொல்லலையாம்.”

இஸ்திரி போட்ட சட்டை. தோளில் பை. கையில் சாப்பாட்டு டப்பா. டப்பாவின் உடைந்த கைப்பிடிக்குப் பச்சை ஒயர் சுற்றியிருந்தது.

பார்க் சார் பத்தாவது மெஷின் முன்னால் உட்கார்ந்தார். டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு மணி நேர வேலைக்கு முகத்தில் அத்தனை களை.

“நாளைக்கும் வரட்டுமா சார்?”

முதலாளி காதில் விழாததுபோல் நகர்ந்துவிட்டார்.

வாசலில் அதிகாரியம்மாவின் குரல் கேட்டது. “ரிஜிஸ்டரை எடுங்க.”

முதல் ஆறு மெஷினில் பிரச்சினை இல்லை. ஏழாவதில் மச்சினன் முதுகு வியர்க்கத் தைத்துக்கொண்டிருந்தான்.

“ஊசியில நூலே இல்லையே தம்பி. காத்தையா தைக்கிறீங்க?”

எட்டாவது ஜெராக்ஸ் கடைப் பெண்.

“எத்தனை நாளா இங்க வேலை?”

“மூணு மாசம் மேடம்.”

“அடிநூல் பாபினை மாத்திக் காட்டு.”

அவள் மெஷினைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஒன்பதாவது ஆளிடம் எதுவும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மாமாதான் உக்காரச் சொன்னாரு!” என்று கொழுந்தியாளே எழுந்து நின்றுவிட்டாள்.

பத்தாவது மெஷினில் ஆளே இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் பொய் சொல்லவும் தெம்பில்லை.

“செஞ்சது தப்புதான் மேடம். ஆனா அந்த ஆறு பேர் நிஜம். அவங்க வயித்துல அடிச்சிடாதீங்க.”

அதிகாரியம்மா குனிந்து பத்தாவது மெஷினுக்குக் கீழே எதையோ பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை வாங்கி, ‘பணியாளர் பத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆள் இல்லாத நாற்காலிக்குக் கையெழுத்து!

“கொஞ்சம் வாசல்வரைக்கும் வாங்க” என்றார் அந்தம்மா.

ஓகோ, விஷயம் இதுதானா? தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத நேர்மையெல்லாம் இவ்வளவுதானா? எவ்வளவு கேட்கப் போகிறாரோ என்று கசப்போடு பின்னாலேயே போனார் முதலாளி.

“அந்தப் பத்தாவது ஆளுக்கு நாளையிலேருந்து வேலை தருவீங்களா?”

“ஆர்டரே இல்லையே மேடம். வேலைன்னு என்னத்தைத் தர்றது?”

“சும்மாவாவது உக்கார வைங்க. வெயில்ல உக்காராம இருந்தா போதும்.” பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். “இருபது வருஷ சர்வீஸ்ல இன்னிக்குத்தான் முதல்தடவையா பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. “அவரை உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“வேலை போனது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது. அஞ்சு மாசமா அந்த டப்பாவுல சோறு கட்டிக் கொடுத்து, ‘ஆபீசுக்கு நேரமாச்சு, கிளம்புங்க’ன்னு தினமும் நான்தான் அனுப்பி வைக்கிறேன்.”