இடப்பக்கம் வளைந்த உறை

தம்பியின் இதயக் குழாயைச் சுற்றிப் போர்த்துவதற்காக அக்காவின் தொடைச் சதையில் செய்த உறையை, வலப்பக்கம் வளைப்பதற்குப் பதில் இடப்பக்கம் வளைத்துவிட்டார் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் பொன்னுரங்கம். செருப்பையே கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிற மனிதர்தான். ஆனால் செருப்பைக் கழற்றி மாட்டலாம். உயிருள்ள சதை ஒருமுறை வளைந்து இறுகிவிட்டால் அவ்வளவுதான்.

அக்கா வேலம்மாளை வரவழைத்து உட்காரவைத்தார்.

"மறுபடி சதை எடுக்கணுங்க. தப்பு என்னுதுதான்."

"எடுக்காட்டி?"

"தம்பிக்கு ஆபரேசன் பண்ண முடியாதுங்க."

'எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும்' என்று சதை கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்த டாக்டரை எறும்பு மட்டும்தான் கடித்திருக்கும். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த அசதியில், பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"போன தடவை ரொம்ப வலிச்சுதுங்களா?"

இதுவரை அவர் இப்படிக் கேட்டபோதெல்லாம், பக்கத்தில் நோயாளி இருக்கிறாரே என்று சதை கொடுத்தவர்கள் எல்லோரும் சிரித்து மழுப்பியிருக்கிறார்கள். வேலம்மாள் சிரிக்கவில்லை.

"உசுரோட தோலை உரிச்ச மாதிரி இருந்துச்சுங்க. ராத்திரியெல்லாம் தலகாணியைக் கடிச்சுட்டுக் கெடந்தேன். தம்பிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, வேண்டாம்பான்." புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "வாங்க, இந்தத் தடவை இந்தக் கால்ல எடுங்க."