ஜெயபாண்டியின் தட்டில் மட்டும்

நாகஜோதி புருஷனுக்குத் தெரியாமல் அவன் சாம்பாரில் பொடி கலக்குகிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆடி மாசத்திலிருந்து.

யாரும் கோள் சொல்லவில்லை. அவளே வாய்விட்டுச் சொன்னாள். அதுவும் போயும் போயும் கோகிலவாணியிடம்.

கோகிலவாணி சேவூர்க்காரப் பெண். மங்கலம் ரோட்டில் இருக்கிற குடி மறுவாழ்வு மையத்துக்குக் கவுன்சலிங் பயிற்சிக்கு வந்தவள். படிப்பில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து பேசிவிட்டுப் போவார்கள். அதில் அவளிடம் ஒப்படைத்த முதல் ஆள் நாகஜோதியின் புருஷன் ஜெயபாண்டி. பனியன் கம்பெனி டெய்லர். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

ஆடியில் விட்டவன் தை பிறந்தும் தொடவில்லை. கோகிலவாணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லாம் தன் பேச்சின் மகிமை என்றே நினைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு டீ குடிக்கிற நேரத்தில் நாகஜோதியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, அண்ணன் இப்படி மாறுனதுக்கு எது காரணம்னு நினைக்கறீங்க?"

கேட்கும்போதே பாதிப் பாராட்டை வாங்கிவிட்ட முகம்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன மேடம். பொடிதான்," என்றாள் நாகஜோதி.

தாராபுரம் பக்கம் ஒரு வைத்தியர் கொடுக்கிற பொடியாம். ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிட்டால் குடி தானாக மறந்துபோகுமாம். அவன் வீடு திரும்பிய முதல் வாரமே வாங்கிவிட்டாளாம். பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவன் தட்டில் மட்டும் ஒரு ஸ்பூன். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. மாசக்கணக்கில் தொண்டை வறளப் பேசியது இவள், பெயர் வாங்கியது பொடி.

கோபம் அதனால் மட்டும் இல்லை. இந்த மாதிரிப் பொடிகளைப் பற்றி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. சிலதைத் தின்றுவிட்டு மேலே ஒரு மடக்குக் குடித்தாலும் போதும், உயிருக்கே உலை வைத்துவிடும். அதைச் சொல்லி, நீங்களே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். தெரிஞ்சா வீட்டுல கை நனைக்க மாட்டாரு. மறுபடி பழைய கததான். கல்யாணமாகி இப்பத்தான் ராத்திரி கண்ண மூடித் தூங்குறேன்."

கோகிலவாணி இளகவில்லை. கட்டின புருஷனை ஏமாற்றுகிறவளுக்குத் தூக்கம் ஒரு கேடா என்று நினைத்தாள். பயிற்சி கொடுக்கிற திருமூர்த்தி சாரிடம் கேட்டதற்கு, அவன் உடம்புக்குள் போவது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு ஜெயபாண்டி தனியாக வந்தான். நாகஜோதி வேலை பார்க்கிற கம்பெனியில் அவசர ஷிப்மெண்டாம், அவளுக்கு அன்றைக்கும் வேலை. இதுவும் நல்லதாகப் போயிற்று என்று கோகிலவாணி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆள் கொதித்துப்போவான் என்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தாள்.

அவன் அதை எடுத்து நிதானமாகக் குடித்தான்.

"தெரியும் மேடம்."

"எப்பருந்துங்ண்ணா?"

முதல் வாரத்திலிருந்தே. தீப்பெட்டி தேடினவன் உளுந்து டப்பாவுக்குப் பின்னால் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறான். வந்த ஆத்திரத்தில் கால் நேராகச் சாராயக் கடைக்குத்தான் கிளம்பியதாம். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தானாம். வந்து, பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பொட்டுக்கடலையோடு கொஞ்சம் சுக்கைச் சேர்த்து அரைத்து அதே பொட்டலத்தில் நிரப்பி வைத்துவிட்டானாம். தீர்ந்தால் அவள் புதுசு வாங்கி வருவாள், இவன் மாற்றிவிடுவான். இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"அப்ப இத்தன நாளா நீங்க சாப்பிட்டது பொட்டுக்கடலைங்களா?"

"ஆமாங்க. சாம்பார்தான் கொஞ்சம் கெட்டியாயிரும்."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பொடியும் இல்லை, மந்திரமும் இல்லை, சொந்த முயற்சியில் நிற்கிற மனுஷன். இதை அக்காவிடம் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள், நானே சொல்கிறேன் என்று எழுந்தாள்.

"சொல்லிராதீங்க மேடம்," என்றான் ஜெயபாண்டி. அவன் குரல் முதல் தடவையாகப் பதறியது.

"நாக்கு இன்னும் கேக்குது. சம்பளத்தன்னைக்கி அந்தக் கட இருக்குற வழியே போகாம, ரயில்வே கேட்டச் சுத்தித்தான் வீட்டுக்குப் போறேன். அத அவகிட்ட எந்த வாயால சொல்ல? சாமி மேல, பெத்த புள்ள தல மேல சத்தியம் பண்ணிட்டு மீறுன வாயி இது. என்னைய நம்புன்னு சொன்னா அவளுக்கு அன்னைக்கே தூக்கம் போயிரும். பொடிய நம்புறா. நிம்மதியா தூங்குறா. தூங்கட்டுமே."

கோகிலவாணி உட்கார்ந்தாள். எத்தனை நாளைக்குத்தான் இப்படி என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்னைக்காச்சும் ஒரு நா அவளாவே பொடி கலக்காம சோறு போடுவா மேடம். அன்னைக்கித்தான் நான் குடிய விட்டதா கணக்கு."