சரளைக்கல் இறக்கம்

கேரியரில் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கச்சியைக் காணோம்.

லோகநாதன் சைக்கிளைத் திருப்பி வந்த வழியே மிதித்தான். சற்று முன்பு இறங்கி வந்த சரளைக்கல் ரோடு இப்போது ஏற்றமாக எழுந்து நின்றது. சக்கரத்துக்கு அடியில் கல் நழுவ, வண்டி ஓரத்துக்கு இழுத்தது. "மலரு, மலரு" என்று கூப்பிட்டான். அவன் காதுக்கே அது வெறும் மூச்சிரைப்பாகத்தான் கேட்டது.

மலர்க்கொடிக்கு ஆறு வயசு.

ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த வாரம் அது. அம்மா கெங்கம்மா கைக்குழந்தையோடு முந்தின நாளே ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதில் இன்னொரு பிள்ளைக்கு இடமில்லை. நாகலாபுரம் மலையடிவாரத்தில் சின்னம்மா வீடு, நீ இவளை சைக்கிளில் வைத்துப் பத்திரமாகக் கூட்டிவந்து சேர் என்று பெரியவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினாறு வயசுக்காரனுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. இரண்டு வருஷமாக ராயபுரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கூடை மிதிப்பவன். மலர் ஒரு கூடை கனம்கூட வரமாட்டாள்.

விடியற்காலை டோல்கேட் தாண்டும்போது அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். கொசத்தலை ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளினார்கள். அப்புறம் புதர்க்காடு. காடு முடிந்தால் ஒரு குன்று, குன்று ஏறினால் ஒரு இறக்கம், அது முடிந்தால் மறுபடியும் குன்று. ராயபுரத்தில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. முதல் இறக்கத்தில் மலர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது இறக்கத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் வண்டு மாதிரி. அப்புறம் தலைக்கு நேர் மேலே. ஏரோப்ளேன்.

குண்டு போடத்தான் வருகிறது என்று அவன் உடம்பு முடிவு செய்துவிட்டது. குனிந்து, தூரத்தில் தெரிந்த தோப்பைக் குறிவைத்து மிதித்தான். தோப்புக்குள் வண்டியைப் போட்டுவிட்டு முகத்தை மண்ணில் புதைத்துப் படுத்தான். எவ்வளவு நேரம் படுத்திருந்தான் என்று தெரியாது.

ஏரோப்ளேன் எதையும் போடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கேரியர் காலியாக இருந்தது.

எதிரே வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்திக் கேட்டான். யாரும் பார்க்கவில்லை. பெட்டி படுக்கை மேல் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் சைக்கிளின் வாடையை மோந்துவிட்டு, "வயில உட்டுட்டு வர்றதுக்கு அது இன்னா மீன் கூடையாடா?" என்றான். வண்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் விழுந்த இடத்தை அவனே கண்டுபிடித்தான். இறக்கத்தின் பாதியில் கல் கலைந்து கிடந்தது. ஓரத்துப் புழுதியில் சின்னப் பாதங்கள். நடந்த பாதங்கள் இல்லை, ஓடிய பாதங்கள். அவன் மிதித்துப் போன திசையிலேயே, அவன் பின்னாலேயே, ரோடு மூன்றாகப் பிரிகிற இடம் வரைக்கும் ஓடியிருந்தாள். அங்கே வண்டித்தடங்கள் எல்லாவற்றையும் அரைத்துப் போட்டிருந்தன.

அந்தப் பிரிவில், மரத்தடியில், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அஜீசா என்ற பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். புளியந்தோப்பிலிருந்து நடந்தே வந்தவள். அவன் கேட்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

முட்டியெல்லாம் ரத்தமாக ஒரு குழந்தை இங்கே நின்று அழுதது என்றாள். ஏதோ ஒரு வண்டிக்காரக் குடும்பம் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டது. யார் வண்டி என்று தெரியாது. ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் அஜீசா அதன் பின்னால் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் வண்டி இல்லை. நடு ரோட்டில் அவனே திரும்பி வந்திருந்தான், அதில் மலர் எதிர்ப்படவில்லை. வலது பக்க ரோட்டில் போனதோ, இடது பக்கம் போனதோ, அஜீசா பார்க்கவில்லை.

மாலை வெயில் மலைமேல் ஏறிவிட்டது. இந்த ரோட்டில் போய்த் தேடிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த ரோடு இருட்டிவிடும்.

அஜீசா அவன் கேரியரில் தொங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு நைனா. அண்ணன் கயித்த இஸ்துச்சு, நான் வுயுந்துட்டேன்னு. மெய்யா?"

லோகநாதன் கயிற்றின் நுனியைப் பிடித்துப் பார்த்தான்.

காலையில் அவளைக் கட்டும்போதும், ஆறு தாண்டி மறுபடி கட்டும்போதும், பழக்கத்தில், கூடைக்குப் போடுகிற முடிச்சைத்தான் போட்டிருந்தான். எவ்வளவு குலுங்கினாலும் அவிழாது. ஆனால் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் போதும். முதலில் இறங்குகிற கூடைக்குத்தான் முதல் ஏலம் என்பதால், மார்க்கெட் வாசலில் வண்டி நிற்பதற்குள் இடது கை தானாகப் பின்னால் போகும். நுனியை இழுக்கும். பாரம் இறங்கும். திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இரண்டு வருஷமாகத் தினமும் அப்படித்தான்.

தலைக்கு மேல் அந்தச் சத்தம் வந்தபோது வலது கை ஹாண்டில்பாரில் இருந்தது. அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இடது கை எங்கே இருந்தது?